ஜடபரதரும் கிளையில் தொங்கும் ஜீவனும்

எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் முன்மண்டபத்தில் புரட்டாசி மாதத்து இரவுகளில் பாகவதம் சொல்ல வரும் பெரியவர் ஒருவர், ஐந்தாம் ஸ்கந்தத்திலே வரும் பரதருடைய சரித்திரத்தைச் சொல்லி முடித்து, தாம்பாளத்திலிருந்து ஒரு கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட சமயம் பார்த்து, பத்து வயதுப் பிள்ளையாகிய நான் எழுந்து நின்று, "சுவாமி, அப்படியானால் அந்த மான்குட்டியை அவர் ஆற்றோடு போக விட்டிருக்க வேண்டுமா?" என்று கேட்டேன். சபையில் சிலர் சிரித்தார்கள். என் தகப்பனார் சட்டையைப் பிடித்து இழுத்தார். பெரியவர் மட்டும் சிரிக்காமல், "எடுத்தது தப்பில்லை, குழந்தாய், எடுத்த கை பிறகு விரியவில்லையே, அதுதான் தப்பு" என்றார். அந்தப் பதில் அன்று எனக்குப் போதவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, பூமியின் மறுபாதியிலே, கோஸ்தா ரிக்காவிலும் சூரினாமிலும் வாழும் சிலர் ஒரு விசித்திரமான பிராணியை மரத்தடியிலிருந்து எடுத்து வளர்த்து மறுபடியும் மரத்திலேற்றும் வரலாறுகளை வாசிக்கையில்தான், பெரியவரின் பதிலில் எவ்வளவு இருந்தது என்பதும், எது விடுபட்டுப் போயிற்று என்பதும் எனக்கு விளங்கலாயின.

கதையைப் பலரும் அறிவர். பாரத வருஷத்துக்கே தம் பெயரை அளித்தவராகப் புராணம் போற்றும் அந்த அரசர், ராஜ்யத்தைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டுக் கண்டகி நதிக்கரையிலே தவமிருந்த காலத்தில், நீர் குடிக்க வந்த சினைமான் ஒன்று சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்டு வெருண்டு ஆற்றைத் தாண்டிப் பாய, அந்தப் பாய்ச்சலிலே கர்ப்பம் நழுவிக் குட்டி வெள்ளத்தில் விழுந்தது. தாயோ அப்பால் ஒரு குகையில் விழுந்து மாண்டது. அரசர் குட்டியை எடுத்தார், புல் ஊட்டினார், ஓநாய்க்கும் புலிக்கும் அஞ்சி அதைத் தோளில் சுமந்து திரிந்தார், ஜபத்தின் நடுவே எழுந்து அது எங்கே என்று தேடினார், மேயப் போனது திரும்ப நேரமானால் பிள்ளையைத் தொலைத்தவர்போலப் புலம்பினார், அந்திம காலத்தில் அதன் முகத்தையே பார்த்தபடி உயிர் விட்டு, மானாகவே பிறந்தார். அதற்கடுத்த பிறவியில் அந்தணர் குலத்தில் தோன்றியபோது, இனி எதிலும் ஒட்டுவதில்லை என்ற உறுதியினால் செவிடர்போலவும் பித்தர்போலவும் நடமாட, உலகம் அவரை ஜடம் என்று தள்ளிற்று. அரசன் ஒருவனுடைய பல்லக்கைச் சுமக்க அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது, காலடியில் எறும்பு நசுங்கிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அவர் மெல்ல அடியெடுத்து வைத்ததனாலே பல்லக்குக் குலுங்க, உள்ளே இருந்தவன் அவருடைய மந்த நடையைப் பரிகாசம் செய்தான் என்பதையும், பிறகு அவன் இறங்கி வந்து அவர் காலில் விழுந்தான் என்பதையும் உபந்யாசகர்கள் சுவைபடச் சொல்வார்கள்.

மெல்ல நடந்த காரணத்தால் இழிபெயர் பெற்றவர் அவர் ஒருவரே அல்லர். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உள்ள மழைக்காடுகளில், கொக்கி போன்ற நகங்களால் கிளையைப் பற்றிக்கொண்டு தலைகீழாய்த் தொங்கி வாழும் பிராணி ஒன்றை ஸ்பானியர் பெரெஸோஸோ என்றும், போர்த்துக்கீசியர் ப்ரெகிஸா என்றும், ஆங்கிலேயர் ஸ்லாத் என்றும் அழைத்தார்கள்; மூன்றுக்கும் பொருள் சோம்பல் என்பதுதான். அதிலும் ஆங்கிலப் பெயர், கிறிஸ்தவ சமயத்தார் கொடிய பாவங்கள் ஏழென்று எண்ணிய வரிசையில் ஒன்றாகும். புலிக்குக் கோபமென்றும் பன்றிக்குப் பெருந்தீனியென்றும் எவரும் பெயர் சூட்டவில்லை. பாவத்தின் பெயரையே தன் பெயராகச் சுமக்கும் ஜீவன், எனக்குத் தெரிந்தவரையில், இது ஒன்றுதான். இந்த அபவாதம் நம் நாட்டு வரையில்கூட வந்து சேர்ந்திருக்கிறது. நம் மலைகளில் தேனடையைத் தேடித் திரியும் கரடியின் நீண்ட நகங்களைக் கண்டு மயங்கிய ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலார், 1791-இல் அதையும் இந்த இனத்தில் சேர்த்துவிட்டார். தவறு பின்னால் திருத்தப்பட்டது, ஆனாலும் ஆங்கிலத்தில் நம் கரடி இன்றளவும் 'ஸ்லாத் கரடி'தான். நம்மவர்களில் சிலர் இந்தப் பிராணியின் படத்தைப் பார்த்தவுடனே தேவாங்கு என்று சொல்லிவிடுவதும் உண்டு. தேவாங்கு குரங்குக்கு உறவு. இதுவோ எறும்புதின்னிக்கும் ஆர்மடில்லோவுக்கும் உறவு. தமிழில் இதற்கென்று ஒரு பெயர் நிலைபெறவில்லை என்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை. பெயரிடாததனாலே நாம் அதை ஏசாமல் இருந்துவிட்டோம்.

ஐரோப்பியர் ஏசியதற்குக் கணக்கில்லை. 1526-இல் இந்தியஸ் என்று அவர்கள் அழைத்த புதிய நாடுகளின் இயற்கையைப்பற்றி நூல் எழுதிய ஒவியேதோ, இதைப்போல் அழகற்றதும் பயனற்றதுமான விலங்கைத் தாம் கண்டதில்லை என்று எழுதினார். அது எதையும் உண்ணக் காணாமையால் காற்றையே உண்டு பிழைக்கிறது போலும் என்றும் ஊகித்தார். நம் நாட்டில் காற்றைப் புசித்து வாழ்பவனை மகரிஷி என்போம். அங்கே அது கேலிக்கு இடமாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு தேசத்துப் பெரும் பிரகிருதி சாஸ்திரியாகிய பூஃபோன், இன்னும் ஒரே ஒரு குறை கூடியிருந்தாலும் இந்தப் பிராணி உயிர் தரித்திருக்க இயலாது என்னும் அளவுக்குச் சென்றார். இவர்கள் எல்லாரும் அதைத் தரையில் போட்டுப் பார்த்தவர்கள், அல்லது அவ்வாறு பார்த்தவர் சொல்லைக் கேட்டவர்கள். டெமராராக் காடுகளில் அலைந்து 1825-இல் தம் பிரயாண நூலை வெளியிட்ட வாட்டர்ட்டன் என்பவரே, மீனைக் கரையில் போட்டுவிட்டு அதற்கு நடை தெரியவில்லை என்று குறை சொல்வது போன்ற அந்தப் பேதைமையைக் கண்டு, இது மரத்தில் வாழப் பிறந்த ஜீவன், மரத்தில் வைத்துப் பாருங்கள் என்று அதற்காக வழக்காடினார்.

இதனினும் ஆழமான விபரீதம் ஒன்று அந்தப் பாவத்தின் பெயரிலேயே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்திய பாலைவனத்திலே தவமிருந்த எவாக்ரியஸ் என்ற துறவி, மனத்தைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வகுத்தபோது, அவற்றுள் மிகக் கொடியதாக அகேதியா என்பதைக் குறித்தார். பின்வந்த போப் கிரெகோரி முதலியோர் அந்த வரிசையைச் சுருக்கி மாற்ற, நாளடைவில் அகேதியா தேய்ந்து சோம்பல் என்ற ஒரு சொல்லாக நின்றுவிட்டது. ஆனால் எவாக்ரியஸ் வருணிக்கும் நோயாளி சோம்பிக் கிடப்பவனே அல்லன். நடுப்பகலில் அவனுக்குச் சூரியன் நகராததுபோலத் தோன்றுகிறது. பர்ணசாலையின் வாயிலுக்கு வந்து வந்து எட்டிப் பார்க்கிறான். யாராவது வருகிறார்களா என்று ஏங்குகிறான். இந்த இடமே சரியில்லை, வேறோர் இடமாயிருந்தால் தவம் எளிதில் சித்திக்குமே என்று நினைக்கிறான். இருந்த இடத்தில் இருக்க ஒண்ணாத தவிப்புக்கே அகேதியா என்று பெயர். நம் சாஸ்திர பரிபாஷையில் சொன்னால், தமஸ் என்று எண்ணி அவர்கள் பெயரிட்டது ரஜஸின் ஒரு வேஷம். பிறந்த மரத்தையும் அதன் சுற்றுப்புறத்து மரங்கள் சிலவற்றையுமே உலகமாகக் கொண்டு, வேறோர் இடம் நல்லதாயிருக்கும் என்ற நினைவின் நிழலும் படியாமல் வாழும் ஒரு ஜீவனுக்கு, அந்த நோயின் பெயரைப் போய் வைத்தார்களே!

அதன் மந்தம் எத்தகையது என்று சற்றே விசாரிப்போம். இலையைத் தவிர வேறு அதிகமாக உண்ணாத உடம்புக்கு அதிலிருந்து கிடைக்கும் சக்தி சொற்பம். அந்த இலை, பல அறைகளாகப் பிரிந்த இரைப்பையில் புளித்துக் கரைந்து ஜீரணமாக வாரக்கணக்கில், சில வேளை ஒரு மாதங்கூட, ஆகிறது. ஆகவே செலவைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பஸ்தனைப்போல அது உடலின் உஷ்ணத்தையும் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப ஏறி இறங்க விட்டு, தசையைக் குறைத்து, அசைவைக் குறைத்து வாழ்கிறது. ரோமத்தில் பச்சைப் பாசி வளர்கிறது. அந்தப் பாசியின் நிறமும் அசைவின்மையும் சேர்ந்து, உச்சிமரங்களில் இரை தேடும் ஹார்பிக் கழுகின் கண்ணிலிருந்து அதை மறைக்கின்றன. ரோமத்துக்குள் குடியிருக்கும் அந்துப்பூச்சிகள், வாரத்துக்கு ஒருமுறை அது மலங்கழிக்கத் தரைக்கு இறங்கும்போது அந்தச் சாணத்திலே முட்டையிட்டுத் தம் குலத்தைப் பெருக்குகின்றன. ஓடாத உடம்பே ஒரு சிறு காடாகிவிட்டது. தூக்கத்தைப்பற்றிய பழியும் நிற்கவில்லை: கூண்டிலிருப்பவை நாளைக்குப் பதினாறு மணி நேரம் வரையில் தூங்கக் கண்டிருந்தார்கள்; பனாமாக் காட்டில் இயல்பாகத் திரிந்தவற்றின் தலையில் சிறு கருவி பொருத்தி அளந்து 2008-இல் வெளியிட்டவர்களோ, அவை பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்கக் கண்டார்கள். விடுமுறை நாட்களில் நானே அதனோடு போட்டியிட வல்லவன். இதன் இனத்தைச் சேர்ந்த, யானையொத்த பேருருவங்கள் அக்கண்டங்களின் தரையில் ஒருகாலத்தில் நடந்தன. அவையெல்லாம் அழிந்து எலும்பாய்க் கிடக்க, இந்தச் சிறிய மந்தகதியினரே எஞ்சியிருக்கிறார்கள்.

இனி, பற்று என்னும் விஷயத்துக்கு வருகிறேன். பிடித்துக்கொள்வதற்கும் மனம் ஒட்டிக்கொள்வதற்கும் நம் மொழியில் ஒரே சொல் இருப்பது இந்த விசாரணைக்குப் பெரிய உபகாரம். பற்றை விடுவதே வீட்டுக்கு வழி என்று பெரியோர் எல்லாரும் சொல்லியிருக்க, இந்த ஜீவனுக்கோ பற்றை விட்டால் மரணம். பற்றே அதன் பிராணன். அதன் விரல்கள் முயற்சியில்லாமலே மடங்கிப் பிடிக்கும்படி தசைநாண்கள் அமைந்திருப்பதால், உயிர் போன பின்னும் கிளையை விடாமல் தொங்குவதுண்டு. குட்டி பிறந்த கணத்திலிருந்தே தாயின் வயிற்று ரோமத்தைப் பற்றிக்கொள்கிறது. எந்த இலை உண்ணத் தக்கது என்பதைத் தாயின் வாயோரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளை நக்கியே கற்கிறது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1970-களில் ஆராய்ந்தவர்கள், சில மாதங்களுக்குப்பின் தாயே விலகிச் சென்று தன் மரங்களில் ஒரு பகுதியைக் குட்டிக்கு விட்டுக்கொடுப்பதைக் கண்டார்கள். பெறும் ஆஸ்தி மரம் மாத்திரமன்று. இன்ன மரத்து இலை நமக்கு என்னும் ருசியும் பரம்பரையாக வருகிறது. பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் இந்த ஜீவனுக்கு அதன் குரலைக்கொண்டே ஆயி என்று பெயரிட்டார்கள் என்பர். தமிழ்க் காதுக்கு அது தாயைக் கூப்பிடுவதுபோலவே கேட்கிறது. தற்செயலான ஒற்றுமைதான், ஆயினும் எனக்கு அதை மறக்க மனம் வரவில்லை.

ஸ்ரீவைஷ்ணவர்களுக்குள் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு வழக்கு உண்டு. குரங்கின் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல ஜீவன் பகவானைப் பற்ற வேண்டும் என்பார் வடகலையார். பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல அவனே நம்மை எடுத்துச் செல்வான் என்பார் தென்கலையார். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இவற்றைச் சொல்வது வழக்கம். இந்தக் குட்டியோ பிறப்பால் முழுக்க முழுக்க வடகலை! ஆனால் காட்டைப் பிளந்து சாலை போகிறது. மரங்களுக்கு நடுவே மின்கம்பி போகிறது. கிளையென்று எண்ணிக் கம்பியைப் பற்றிய தாய் மின்சாரம் பாய்ந்து மாளுகிறது. தரைவழியே அடுத்த மரத்துக்கு ஊர்ந்துசெல்கையில் நாய்களிடம் சிக்குகிறது, அல்லது வண்டியில் அடிபடுகிறது. பற்றுவதற்குத் தாய் இல்லை என்று ஆன பின்பு குட்டியின் பற்றினால் பயன் என்ன? அப்போது எங்கிருந்தோ ஒரு கை வந்து எடுத்தால்தான் உண்டு. வீழ்ந்தவனுக்குத் தென்கலை சித்தாந்தமே கதி என்று நான் தீர்ப்புச் சொன்னால் இரு சாராரும் என்னைக் கோபிப்பார்கள். ஆகையால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கைகளில் ஒன்று, கோஸ்தா ரிக்காவின் கரிபியக் கரையில் கவீத்தாவுக்கு அருகே வாழ்ந்த ஜூடி, லூயிஸ் அரோயோ தம்பதிகளுடையது. 1991-இல் லிமோன் பிரதேசத்தை உலுக்கிய பூகம்பத்துக்கு அடுத்த ஆண்டு, அக்கம்பக்கத்துச் சிறுமியர் சிலர் தாயற்ற குட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர்களிடம் ஒப்படைத்தார்கள். வளர்க்கும் முறையைச் சொல்லித்தர ஆள் அகப்படாமல், காட்டிலே இவ்வினம் எதைத் தின்கிறது என்று தாமே பார்த்து அதையே பறித்துக் கொடுத்து அவர்கள் பிழைக்கவைத்த அந்தக் குட்டிக்குப் பட்டர்கப் என்று பெயர். அது காட்டுக்குத் திரும்பவே இல்லை. ஊஞ்சல் நாற்காலியில் அமர்ந்து விருந்தினரை வரவேற்கும் இல்லத்தரசிபோல அங்கேயே வளர்ந்தது. அந்த வீடு பின்னர் இவ்வினத்துக்கே ஒரு சரணாலயமாயிற்று. பரதருடைய மானை நினைத்துக்கொண்டு நான் அந்தத் தம்பதிகளைக் குறை சொல்லமாட்டேன். அப்பொழுது எவருக்கும் தெரியாத ஒன்றை அவர்கள் தொட்டுத் தொட்டுக் கற்றார்கள். அடுத்து வந்தவர்களுடைய கேள்வி அதற்கு மேலே தொடங்க முடிந்தது.

சூரினாமின் தலைநகரமாகிய பாராமாரிபோவில் மோனிக் பூல் என்ற அம்மையார், 2005-இல் காணாமற்போன தம் நாயைத் தேடி விலங்கு காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசப்போக, நாய் கிடைக்காமல், தாயற்ற இந்த இனத்துக் குட்டி ஒன்று அங்கே இருப்பதாகச் செய்தி கிடைத்தது. தேடியது ஒன்று, வாய்த்தது ஒன்று! 2012-இல் அந்நகரத்தை அடுத்த காட்டுத்துண்டு ஒன்றை வெட்டி வெளியாக்கியபோது, இருக்கக்கூடும் என்று நினைத்ததற்கு எத்தனையோ மடங்காக, இருநூற்றுக்கு மேற்பட்ட பிராணிகள் அதிலிருந்து மீட்கப்பட்டு அந்த அம்மையார் வீட்டின் கூடத்திலும் கொல்லையிலும் தொங்கின. அவர் அவற்றைக் கொஞ்சிக்கொண்டிருக்கவில்லை. எவ்வளவு விரைவில் எடுத்துச் சென்று வேறு காட்டில் விடலாம் என்பதே அவருடைய கவலையாக இருந்தது. மந்தகதியுள்ள ஜீவன்களுக்காக மனிதர் அவசரப்பட்டதை நான் அறிந்த மட்டில் நியாயமான அவசரங்களில் ஒன்றாகச் சேர்ப்பேன்.

வளர்த்துத் தீரவேண்டிய குட்டிகளின் விஷயத்தில்தான் தர்மம் மிகவும் சூட்சுமமாகிறது. பற்றிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் குட்டி தவித்துப்போகும். ஆகவே பஞ்சடைத்த பொம்மை ஒன்றைத் தாயின் வயிறாகக் கொடுக்கிறார்கள். ஆட்டுப்பாலைத் துளித்துளியாகப் புகட்டுகிறார்கள். விழுந்த குட்டிக்குத் தாய் உயிரோடிருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால், அதன் அழுகுரலைப் பதிவு செய்து மரத்தடியிலே ஒலிக்கவிட்டுத் தாயை இறங்கி வரச் செய்ததும் உண்டு. இவையெல்லாம் கருணையின் முதற்பாதி. இதுவரையில் பரதரும் இவர்களும் ஒன்று. பிற்பாதியிலே, இலையைக் கையால் ஊட்டுவது குறைந்து, கொப்பு கொப்பாகக் கட்டித் தொங்கவிடுவது கூடுகிறது. வளர்ந்த பின்பு காட்டின் நடுவே ஒரு கூண்டில் வைத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். போனது திரும்பி வந்தால் உணவு இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் குறையும். கழுத்திலே மாட்டிய ரேடியோப் பட்டையின் ஒலியைக்கொண்டு தூரத்திலிருந்தே அது எந்த மரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அருகே போவதில்லை, கூப்பிடுவதில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. 1867-இல் வடலூரிலே தருமசாலையில் அடுப்பை மூட்டிப் பசித்தவருக்குச் சோறிடுவதையே ஜீவகாருண்யத்தின் உயிர்நிலையாக வைத்தார் வள்ளலார். பசியாற்றுவது அறம் என்றால், பசித்து வந்த ஜீவனுக்கு இன்றைக்குக் குறைத்து இடுவது எப்படி அறமாகும்? நெடுநாள் யோசித்ததில் எனக்குத் தோன்றியது இது: மனிதனுக்குச் சோறு இடும்போது அவனுடைய பசி மாத்திரமே போகிறது, அவன் தன் ஊரையும் உறவையும் தொழிலையும் இழப்பதில்லை. காட்டு ஜீவனுக்குக் கையால் இடும் ஒவ்வொரு கவளமும் அதன் பசியோடு அதன் மரத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. தாயின் வாயோரத்திலிருந்து கற்றிருக்க வேண்டிய ருசியை நம் உள்ளங்கையிலிருந்து கற்றுவிட்டால், பின்பு அது எந்த மரத்தையும் தன் மரமென்று அறியாது. ஆகையால் குறைத்து இடுவதும் பசியாற்றுவதன் ஒரு பகுதியே. அந்தப் பசி இன்றைய வயிற்றினுடையது அன்று, அதன் ஆயுளினுடையது. வள்ளலார் இதற்கு இணங்கியிருப்பாரா என்று நான் எப்படிச் சொல்வேன்!

கயிற்றைப்பற்றியும் ஒரு வார்த்தை. பாசம் என்றால் நமக்கு அன்பு; சைவ சித்தாந்திக்குக் கட்டு; எமன் கையிலோ கயிறு. கோஸ்தா ரிக்காவில் ரெபெக்கா க்ளிஃப் என்ற ஆராய்ச்சியாளர் 2017-இல் ஏற்படுத்திய ஸ்தாபனத்தார், சாலையாலும் வெட்டவெளியாலும் பிரிந்துபோன மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலங்களைக் கட்டிவருகிறார்கள். தரையில் இறங்காமல், கம்பியைத் தொடாமல், அந்த ஜீவன் கயிற்றைப் பற்றித் தொங்கியபடி அப்பால் போகிறது. கட்டியவரை அது அறியாது. சோம்பேறி என்று பெயரிட்ட மொழியையே பேசும் அந்நாடு, 2021-இல் அதைத் தன் தேசியச் சின்னங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது; பெயரை மட்டும் மாற்றவில்லை.

பெரியவர் சொன்ன விரியாத கைக்கு இப்பொழுது திரும்புகிறேன். பரதர் பெற்ற நஷ்டத்தைப் பாகவதம் கணக்குப் பார்க்கிறது: ஜபம் போயிற்று, தவம் போயிற்று, ஒரு பிறவி போயிற்று. அவருடைய ஜீவனை மானின் உடலிலும் அந்தணர் உடலிலும் விடாமல் பின்தொடர்ந்து, பல்லக்கில் வந்த சிந்து சௌவீர தேசத்து ரகூகண மன்னனுக்கு அவர் ஞானோபதேசம் செய்யும் வரையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பற்றியவனுக்கு வந்த கேடு முழுவதும் அங்கே இருக்கிறது. அவர் உயிர் பிரியும் வேளையில் பெற்ற பிள்ளைபோல அருகிலிருந்து வருந்தியதாகச் சொல்லப்படும் அந்த மானைப்பற்றியோ, அதற்கப்பால் ஒரு சொல்லும் இல்லை. பெரியவரும் அதைச் சொல்லவில்லை. எழுந்து நின்று கேட்ட எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரியவர் மறைந்து நெடுங்காலமாகிறது. அந்த மண்டபத்தில் இன்னொரு புரட்டாசி இரவு கிடைக்குமானால், அவர் கற்கண்டை வாயில் போட்டுக்கொள்ளும் வரையில் காத்திருந்து கேட்பேன்: "சுவாமி, புல்லைக் கையிலே வாங்கித் தின்று, புலியின் வாடையை அறியாமலே வளர்ந்த அந்த மான், அன்றிரவு ஆற்றங்கரையில் என்ன செய்தது?"